பாரி நடந்து திரும்பிய வழி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பேசப் பணித்த நண்பர், "கன்னியாகுமரியிலிருந்து கல்மண்டபம் வரை மிதிவண்டியில் வந்தீர்களே, அதைப்பற்றிப் பேசுங்கள்" என்றார். அது 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது. அதன் வீரப் பிரதாபங்களை நான் போதுமான அளவுக்கு மேலாகவே பேசித் தீர்த்துவிட்டேன். கேட்டுச் சலித்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்கள் முகம் இப்போதே எனக்குத் தெரிகிறது. எனவே அஞ்ச வேண்டாம். இன்று நான் பயணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. வீடு திரும்பியதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

ஆயினும் புதிதாக வந்திருக்கும் இளங்கவிஞர்களுக்காக ஒரு சிறு முன்னுரை. ஐந்து பேர் சென்றோம். ஐவருமே நாற்பது வயதைக் கடந்தவர்கள். இருவர் நம் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். வெளியூர்களிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வரும் புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கு இடமில்லாமல் மருத்துவமனை வாசல்களில் படுத்துக்கிடப்பதைப் பார்த்து, அவர்களுக்கு உறைவிடம் அமைக்க முயன்ற ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டிக் கொடுப்பது நோக்கம். எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வண்டியில் மிதிவண்டிகளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் உறங்கிக்கொண்டே தெற்கே போனோம். மிதித்தது முழுவதும் திரும்பி வரும் வழியில்தான். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பெரும்பாலோர் நடந்து போய்ப் பேருந்தில் திரும்புகிறார்கள். விரதமெல்லாம் போகும் வழிக்கு. திரும்பும் வழிக்கு டிக்கெட் போதும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பெரிய தத்துவம் ஏதும் இல்லை. கடைசி நாள் சொந்த ஊரில் வரவேற்பு இருந்தால் வசூல் கூடும் என்று எங்களில் வியாபாரம் தெரிந்த ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வியாபாரிக்குக் காற்றைப் பற்றித் தெரியவில்லை. தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். வடக்கு நோக்கி மிதிப்பவனுக்கு அது முகத்துக்கு நேரே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியது முதல் திண்டிவனம் வரை, ஊர் திரும்புகிறவனை ஊரே கைநீட்டித் தடுப்பதுபோல அந்தக் காற்று எதிரே நின்றது. பிரிந்தாரை வாட்டும் வாடையைப் பற்றி எத்தனையோ பாட்டுப் படித்திருக்கிறோம். அது திரும்புவோரையும் வாட்டும் என்பது எனக்குத் தொடை வலியில்தான் விளங்கிற்று. எட்டு நாட்கள், எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

எட்டாம் நாள் செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டுத் தாம்பரம், கிண்டி, அண்ணா சாலை வழியாகப் பாரிமுனையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துறைமுகச் சுவரை ஒட்டி வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கிடையே நுழைந்து இராயபுரம் வந்தோம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்ட பழைய நிலையத்தைத் தாண்டுகிறபோது காசிமேட்டு மீன் வாடை வந்தது. எட்டு நாள் எதிர்த்த வாடை ஒன்று, இது வேறொன்று. வடசென்னைக்காரனுக்கு இது பிறந்த வீட்டின் வாசம். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கல்மண்டபத்தில் மேளம் வைத்திருந்தார்கள். பட்டாசு வெடித்தது. சரிகைத் துண்டு, ரோஜா மாலை, எங்கள் ஐவரின் படம் போட்ட பேனர். நம் வட்டத்தின் சார்பில் ஒரு வாழ்த்துப்பாவும் வாசிக்கப்பட்டது. எழுதியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், நல்ல கவிஞர், என் நெருங்கிய நண்பர், கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பாட்டில் என்னுடைய மிதிவண்டி தேராகவும் நான் பாரியாகவும் ஆகியிருந்தோம். அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ் வண்டி அது. சங்கிலி கழன்று கழன்று கையெல்லாம் கருப்பெண்ணெய். பாரி வள்ளலே என்று அவர் விளித்தபோது நான் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எட்டு நாள் மிதித்த கால், பாயில் படுத்தபின்னும் மிதித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் வாழ்த்துப்பா நினைவுக்கு வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பாரி தன் தேரை முல்லைக் கொடிக்குக் கொடுத்தான். சரி. பிறகு எப்படி வீட்டுக்குப் போனான்?

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். கொடி படரத் தேரை நிறுத்திவிட்டு இறங்கினவன், பறம்பு மலை வரைக்கும் நடந்துதானே போயிருக்க வேண்டும்? காட்டு வழி, மாலை நேரமாகவும் இருந்திருக்கலாம். போர்வையை மயிலுக்குக் கொடுத்த பேகன் குளிரில் நடுங்கியபடிதானே அரண்மனை சேர்ந்திருப்பான்? கொடுத்த கணத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய அந்த வழியை யாரும் பாடவில்லை.

அதற்காகத் தமிழில் திரும்புதல் பாடப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. முல்லைத்திணையின் உயிரே அதுதான். வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் விரைந்து செலுத்து என்று சொல்லும் பாடல்கள் தொகைநூல்களில் எத்தனை! ஐங்குறுநூற்றின் இறுதி நூறு முல்லை. அதன் ஒன்பதாம் பத்துக்குத் தேர்வியங்கொண்ட பத்து என்று பெயர். கடைசிப் பத்து வரவுச் சிறப்புரைத்த பத்து. ஐந்நூறு பாடல்கள் கொண்ட ஒரு நூல் ஒருவனுடைய வருகையில் முடிகிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டும், 103 அடிகளில், பாசறையிலிருந்து தலைவன் மீண்டு வரும் ஆரவாரத்தில்தான் நிறைவெய்துகிறது. அகநானூற்றிலோ, பூவில் தேனுண்ணும் வண்டுகள் வெருவக்கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வீடு நோக்கி வருகிற ஒரு தலைவன் இருக்கிறான். நாங்கள் மேளத்தோடு வந்ததை நினைத்து அன்றிரவு கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆற்றுப்படையும் திரும்புகிறவனின் பேச்சுத்தான். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பரிசில் பெற்று வீடு திரும்பும் பாணன் எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி, 'இந்த வழியே போ, இன்னாரிடம் போ' என்று சொல்கிறான். ஆக, நம் மரபில் திரும்புகிறவர் இரண்டு வகை. ஒருவன் வென்று திரும்புகிறான். ஒருவன் பெற்றுத் திரும்புகிறான். மூன்றாவதாக ஒருவன், ஈந்துவிட்டுத் திரும்புகிறவன், அவனுக்குத் துறை வகுக்கப்படவில்லை. நமக்குப் பக்கத்துத் திருவொற்றியூரில் அடங்கியிருக்கும் பட்டினத்தார்கூட, எல்லாவற்றையும் துறந்தபின் தாயின் ஈமக்கடனுக்காக ஒருமுறை ஊர் திரும்பினார் என்றுதான் மரபு சொல்கிறது. துறவிக்கே ஒரு திரும்புதல் இருக்கிறது.

நண்பர்களே, நிதிக்காக மிதிவண்டி ஓட்டுவது மேல்நாட்டு வழக்கம் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. முழுவதும் பொய்யல்ல. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு மாநிலத்தின் குறுக்கே மிதிவண்டியில் சென்றார். பத்தாயிரம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவ நிலையத்துக்குக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணம் இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. ஆனால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. குழந்தைக்கு நோய், பணம் வேண்டும். கொடுக்க நினைப்பவர் நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே? நடுவில் ஒருவன் எதற்காகத் தொடை வலிக்க மிதிக்க வேண்டும்? கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று எழுதிக்கொடுத்த கடைக்காரர்களிடம் இதைக் கேட்டேன். ஒரு மளிகைக் கடைக்காரர் சொன்னார்: "புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா அம்மாதான சார் காவடி எடுக்குது?" அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் நோவை மற்றொருவர் உடம்பு ஏற்றுக்கொள்வது நமக்குப் பழகிய வழக்கம்தான்.

அதே 1980இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர் ஓடினார். புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே தம் வீடு இருக்கும் மாநிலத்தை நோக்கி ஓடினார். அவருடைய ஓட்டமும் வீடு திரும்பும் ஓட்டமே. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால், செப்டம்பர் 1ஆம் நாள் தண்டர் பே என்ற ஊருக்கருகே நிறுத்த வேண்டியதாயிற்று. ஓடி அடைய நினைத்த வீட்டுக்கு நோயாளியாகத் திரும்பினார்; அடுத்த ஆண்டு ஜூனில் மறைந்தார். அவருடைய நண்பர் ரிக் ஹான்சன், விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். 1985 மார்ச் 21இல் வான்கூவரிலிருந்து சக்கர நாற்காலியில் புறப்பட்டு, 34 நாடுகள் வழியாக 40,000 கிலோமீட்டரைக் கைகளாலேயே உருட்டிக் கடந்து, 1987 மே 22இல் புறப்பட்ட ஊருக்கே வந்து சேர்ந்தார். முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்காக 2.6 கோடி டாலர் திரண்டது. ஒரே தேசம், இரண்டு நண்பர்கள், இரண்டு திரும்புதல்கள். ஒன்றை வரவேற்பு என்கிறோம். மற்றொன்றுக்கு என்ன பெயர் வைப்பது?

நம் நாட்டுக்கு வருகிறேன். 1985 டிசம்பர் 24ஆம் நாள் கன்னியாகுமரியிலிருந்து 116 இளைஞர்களும் இளம்பெண்களும் காஷ்மீரை நோக்கி மிதிவண்டியில் கிளம்பினார்கள். அழைத்துச் சென்றவர் பாபா ஆம்தே. இந்தியாவை இணைப்போம் என்பது முழக்கம். நிதிக்கான பயணம் அல்ல அது. பிளவுண்டு கிடந்த நாட்டுக்கான பயணம். இரண்டு நாள் கழித்து ஆம்தேவுக்கு 71 வயது நிறைந்தது. முதுகெலும்பு நோயால் அவரால் நெடுநேரம் உட்கார முடியாது. வண்டியில் படுத்தபடியே உடன்வந்தார். 1988இல் அருணாசலத்து இட்டாநகரிலிருந்து குஜராத்தின் ஓக்கா வரை மறுபடியும் ஒரு பயணம், இம்முறை கிழக்கிலிருந்து மேற்கு.

ஆனால் என்னை அதிகம் தொட்டது அந்தப் பயணங்கள் அல்ல. அவற்றை முடித்துவிட்டு அவர் திரும்பிப்போன வீடு. மகாராஷ்டிரத்தில் வரோரா அருகே அவர் உருவாக்கிய ஆனந்தவனம் தொழுநோயாளிகளின் குடியிருப்பு. மருந்தால் நோய் முற்றிலும் குணமான பிறகும் அவர்களில் பலரால் சொந்த வீடு திரும்ப முடியவில்லை. உடம்பு சரியாகிவிட்டது, ஊரின் கதவு திறக்கவில்லை. மாலை போட வேண்டாம், மேளம் வேண்டாம், 'வா' என்று சொல்ல ஒருவர் இல்லாமல்போன மனிதர்கள் நிலத்தை உழுது, கிணறு வெட்டி, அந்தக் காட்டையே வீடாக்கிக்கொண்டார்கள். ஆம்தே 1990இல் அதையும் விட்டுவிட்டு நர்மதைக் கரையில் போய்த் தங்கினார். அந்திமக் காலத்தில் ஆனந்தவனத்துக்கே மீண்டு வந்தார். 2008 பிப்ரவரி 9இல் அங்கேயே காலமானார். திரும்ப முடியாதவர்களோடு வாழ்வதற்காகத் திரும்பிய மனிதர்.

இன்னும் ஒருவரைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ். 24 வயதில், 2001 ஆகஸ்டில், ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்காக உலகைச் சுற்றப் புறப்பட்டார். சில வாரங்களில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ஆசியா வழியே போக எண்ணியிருந்தவர், இஸ்தான்புல்லில் வழியை மாற்றி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். கேப்டவுன் வரை மிதித்து, பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து, தென் அமெரிக்காவின் முனையிலிருந்து அலாஸ்கா வரை ஏறி, சைபீரியப் பனியில் உருண்டு, 2005 நவம்பரில் வீட்டுக்கு வந்தார். 60 நாடுகள், 46,000 மைல். நம் காவிரிக் கரை வழியே தென்னிந்தியாவைக் குறுக்காக நடந்து கடந்து அதையும் ஒரு நூலாக்கியிருக்கிறார் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இவ்வளவு சுற்றியவர் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? தம் வீடு இருக்கும் பகுதியின் வரைபடம் ஒன்றை வாங்கினார். இருபது கிலோமீட்டர் நீளம், இருபது கிலோமீட்டர் அகலம், 400 கட்டங்கள். வாரம் ஒரு கட்டம் என்று அதற்குள்ளேயே ஓராண்டு அலைந்தார். எங்கும் போகவில்லை. அந்த அனுபவத்தை 2024இல் நூலாக வெளியிட்டார். அரும்பெரும் துணிச்சல்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர், தம் வீட்டைச் சுற்றி உள்ளவற்றைத் தாம் பார்த்ததே இல்லை என்பதைக் கண்டுகொள்ள அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. எனக்கு ஒரே ஓர் இரவுதான் ஆயிற்று. அது என் சாமர்த்தியம் அல்ல. சொல்லிக்கொடுக்க ஆள் வாய்த்தது.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கே பயணப் பழக்கத்தில் விழித்துக்கொண்டேன். வீட்டில் யாரும் எழவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகுகள் வந்துகொண்டிருந்தன. சில படகுகள் கடலில் பல நாட்கள் இருந்துவிட்டு வருகிறவை. கயிற்றை வீசினார்கள், கட்டினார்கள், பெட்டிகளை இறக்கினார்கள். ஏலக்காரர்கள் குரல் கொடுக்க, பெண்கள் அலுமினியக் கூடையோடு முந்தினார்கள். உயிரோடு வந்தவர்களைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. ஓர் இளைஞன் இறங்கி நேரே தேநீர்க் கடைக்குப் போய் நின்றான். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பாடம் படித்த எனக்கு, இந்த மணலில் இரங்கலுக்கும் வரவேற்புக்கும் நேரமே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. முந்தைய மாலை என் கழுத்தில் விழுந்த ரோஜா மாலை நினைவுக்கு வந்தது. வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆயாதான். என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, பத்து நாளா ஆளயே காணோம்?" என்றார்.

"கன்னியாகுமரி போயிருந்தேன் ஆயா. அங்கேருந்து சைக்கிள்லயே வந்தேன்."

"சைக்கிள்லயா? ஏன், பஸ்ஸு ஓடலியா?"

நான் காரணத்தைச் சொன்னேன். நோயுற்ற குழந்தைகள், தங்குமிடம், கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் எல்லாம் சொன்னேன். கூடையைச் சரிசெய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "நல்ல காரியந்தான்" என்றார். பிறகு, "எங்க சந்துல ஒரு பொண்ணு கீது. பதினாலு வயசு. கிட்னி போயிடுச்சி. வாரத்துக்கு ரெண்டு தபா ஸ்டான்லிக்கு இட்டுனு போய் ரத்தம் சுத்தம் பண்ணினு வராங்க. அவங்கம்மா எறா உரிக்கப் போவுது. ஆஸ்பத்திரி போற நாளு கூலி இல்ல. வந்து பாக்றியா?" என்றார்.

அந்தச் சந்து என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. எட்டு நாளில் எட்டு மாவட்டங்களில் நின்று நின்று நோயுற்ற குழந்தைகளுக்காகப் பேசியவன் நான். முன்னாள் பாணன் ஒருவன் பரிசில் பெற்ற பெருமையோடு வர, வழியில் நின்ற ஒருத்தி அவனை மறித்து, நீ போக வேண்டிய வழி இது என்று காட்டினாள். ஆற்றுப்படையின் விதி அங்கே புரண்டுவிட்டது.

போய்ப் பார்த்தேன். திரட்டிய நிதியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வழியில்லை. வேறு நோக்கத்துக்கென்று சொல்லி வாங்கிய பணம் அது; கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்; அதில் எனக்குக் குறையில்லை. சிகிச்சைக்கும் அங்கே பணம் வாங்கவில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது பணம் அல்ல, கூட வர ஓர் ஆள். பெண்ணை அழைத்துப்போய், நான்கு மணி நேரம் வெளியே காத்திருந்து, தலைசுற்றலோடு வருகிறவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நம் வட்டத்தில் மூவர் முறைபோட்டுக்கொண்டோம். ஒருவர் அந்தக் காத்திருப்பில் எழுதிய கவிதைகள் இந்த மலரில் இடம்பெற்றிருக்கின்றன. அவை எங்கே எழுதப்பட்டவை என்பதை அவர் குறிப்பிடவில்லை. நானும் பெயர் சொல்லவில்லை.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. பேருந்து இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. கிருமித் தொற்றில் சென்னையிலேயே இராயபுரம் மண்டலம் முன்னணியில் இருந்த மாதங்கள் அவை. உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு தகரம் வைத்து அடைத்தார்கள். மற்ற எல்லோரும் வீட்டுக்குள் இருக்கலாம். இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர் இருக்க முடியாது. அப்போது அந்தப் பழைய ஹெர்குலிசை வெளியே எடுத்தேன். பின்சீட்டில் ஒரு தலையணையைக் கட்டி அவளை உட்காரவைத்து மிதித்தேன். தடுப்பு வைத்த இடங்களில் மருத்துவமனைக் கையேட்டைக் காட்டினால் காவலர்கள் விட்டுவிடுவார்கள். ஒருவர் மட்டும் ஒருநாள், "நீ அவளுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. பின்னாலிருந்து அவளே, "மாமா" என்றாள்.

போக வர ஐந்து கிலோமீட்டர். வெறிச்சோடிய சாலையில் போகும்போது அவள் பேசுவாள். திரும்பும்போது பேசமாட்டாள், முதுகில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அந்தப் பாரம் முதுகில் பட்டால்தான், விழாமல் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு இருமுறை என்றால் ஆண்டுக்கு 520 கிலோமீட்டர். கன்னியாகுமரித் தூரத்தை எப்போது தாண்டினோம் என்று பிற்பாடு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்குப் போட்டதற்காக என்னையே கடிந்துகொண்டேன். பழைய குணம் போகவில்லை.

என் இந்த வழக்கத்தைச் சொல்லிப் பெருமை தேடிக்கொள்கிறேன் என்று எவரும் எண்ணலாம். அப்படி எண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2019இல் என் முறை வந்த நாட்களில் நான்கு முறை நான் போகவில்லை. ஒருமுறை கவியரங்கம், இரண்டு முறை சோம்பல், ஒருமுறை என்னவென்றே நினைவில்லை. அந்த நான்கு நாளும் அந்தத் தாய் கூலியை விட்டுவிட்டுப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னியாகுமரிச் சாலையில் ஒருநாள் மிதிக்காமல் விட்டிருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

கவிஞர் பெருமக்களே, மலருக்காக நம் பத்தாண்டுக் கவியரங்கக் கவிதைகளைப் படியெடுத்த பொறுப்பு என்னுடையது. புறப்பாடுகள் அவற்றில் நிறைய இருக்கின்றன. போராட்டத்துக்குப் புறப்பாடு, புதுயுகத்துக்குப் புறப்பாடு, கடலுக்குப் புறப்பாடு. திரும்புகிற கவிதை என்று தேடினால் இரண்டோ மூன்றோ அகப்பட்டன. கல்மண்டபம் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிற நமக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. தமிழ்நாட்டுச் சாலைகளில் கல்மண்டபம் என்றால் வழிப்போக்கன் சுமையை இறக்கிவைத்து உட்காருகிற இடம். தேரைக் கொடுத்த பாரி நடந்து போன வழியிலும் இப்படி ஒரு நிழல் இருந்திருக்கக் கூடாதா? அவன் காலில் முள் தைத்திருக்காதா? வழியில் யாராவது, 'என்ன, நடந்து வருகிறாய், தேர் என்னாயிற்று' என்று கேட்டிருக்க மாட்டார்களா? அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? எழுதிப் பாருங்கள். எனக்கு அந்த ஆற்றல் இல்லை.

அந்தப் பெண்ணின் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் போவீர்கள் என்று தெரியும். 2022இல் தாயின் சிறுநீரகம் ஒன்று மகளுக்குப் பொருத்தப்பட்டது. இருவரும் பல வாரம் மருத்துவமனையில் இருந்தார்கள். தாய் முன்பே வந்துவிட்டாள். மகள் வீடு திரும்பிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தொற்று வந்துவிடக் கூடாது, யாரும் அருகே போகக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ சந்து முனையில் நின்றது. சந்து முழுவதும் அவரவர் வாசற்படியில் நின்றிருந்தது. யாரும் இறங்கவில்லை, குரல் கொடுக்கவில்லை. அவள் முகமூடியோடு மெல்ல நடந்து வந்தாள். நான் சந்து முனையிலேயே மிதிவண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பாதி வழியில் ஆயாவின் வாசல். காலிக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஆயா எழுந்திருக்காமல் சொன்னார்:

"வந்துட்டியா கண்ணு? போ, போ, உள்ள போ. பனி எறங்குது."